வட சென்னையில் ஆயுத பூஜை

புஷ்பக் காட்சி என்றவுடன் நம் நாட்டில் படித்தவர்களுக்கு உதகமண்டலம் ஞாபகத்துக்கு வருகிறது. மே மாதத்தில், கோடைக்கு அஞ்சி மலையேறுகிறவர்கள் கண்டு களிக்க அங்கே நடைபெறும் காட்சியை நாம் குறை கூறவில்லை. ஆனால் சரத் காலத்தில், மகாநவமியன்று, நுழைவுச் சீட்டு இல்லாமலும் சர்க்காரின் ஏற்பாடு இல்லாமலும் தமிழ்நாடெங்கும் புஷ்பத் திருவிழா ஒன்று நடந்தேறுகிறது. அதற்கு ஆயுத பூஜை என்று பெயர். அதன் முழு அழகையும் காண விரும்புகிறவர்கள் மலைக்குப் போக வேண்டாம், வட சென்னைக்குப் போக வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இதைக் கேட்டுச் சிலர் நகைக்கலாம். கரித்தூளும் சாம்பலும் மீன் நாற்றமும் நிறைந்த ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்குமா பூப் பார்க்கப் போவது என்று வினவலாம். தோட்டத்தில் மலர்ந்த பூவைக் காண்பது ஒரு காட்சி; அந்தப் பூ யார் கையால் தொடுக்கப்பட்டு, எதன்மேல் சென்று சேருகிறது என்பதைக் காண்பது வேறொரு காட்சி. 2025 ஆம் வருஷம் அக்டோபர் 1 ஆம் தேதி புதன்கிழமையன்று, பூக்கடையில் தொடங்கி எண்ணூர்க் கழிமுகம் வரையில் நாம் ஒரு நாள் பிரயாணம் சென்று வந்தது இந்த இரண்டாவது காட்சிக்காகவே. மறுநாள் விஜயதசமி. அவ்வருஷம் அது மகாத்மா காந்தியின் ஜன்ம தினமாகவும் அமைந்தது. நூற்கும் ராட்டையையே ஆயுதமாகக் கொண்ட ஒருவரின் பிறந்த நாளும் ஆயுத பூஜையும் அடுத்தடுத்து வந்தது, சிந்திப்பவர்களுக்கு ஒரு பாக்கியமே. ஆனால் முந்திய நாள் மாலையில் நிகழ்ந்ததை முதலில் சொல்லாமல் பூஜையின் வைபவத்தை வர்ணிக்க நமது பேனா இடம் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 30 ஆம் தேதி மாலை, எண்ணூர்ப் பிரதேசத்தில் 660 மெகாவாட் வீதம் இரண்டு அலகுகளாகக் கட்டப்பட்டு வந்த அனல் மின் நிலையத்தில், நிலக்கரி கையாளும் பகுதியின் கட்டுமானத்தில் எஃகு வளைவும் சாரமும் சரிந்து விழுந்து ஒன்பது தொழிலாளர்கள் மாண்டார்கள். மாண்டவர்கள் அஸ்ஸாமிலிருந்தும் அதை அடுத்த பகுதிகளிலிருந்தும் பிழைப்புக்காக வந்தவர்கள். உடல்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டன. குடும்பம் ஒன்றுக்கு மாநில சர்க்கார் 10 லட்சம் ரூபாயும், மத்திய சர்க்கார் 2 லட்சம் ரூபாயும் உதவித் தொகை அறிவித்தன. அன்று மகா அஷ்டமி. அஸ்ஸாமிலும் வங்கத்திலும் அது சரத் காலத்துத் துர்க்கா பூஜையின் முக்கிய தினம். நாம் பவழமல்லி என்று சொல்லும் பூவே அங்கு அந்தப் பருவத்தின் அடையாளம். இரவில் மலர்ந்து, விடியுமுன் தானாகவே தரையில் உதிர்ந்துவிடும் பூ அது. மாண்டவர்களுள் யார் எந்தத் தெய்வத்தைத் தொழுதவர் என்று நாம் விசாரிக்கவில்லை. அவர்கள் ஊரில் பூ உதிரும் காலம் அது என்பது மட்டும் அன்று முழுவதும் நம் மனத்தை விட்டு நீங்கவில்லை.

விடியற்காலையில் பூக்கடைக்குச் சென்றோம். ஹைகோர்ட்டுக்கு எதிரே, ஜார்ஜ் டவுனின் வாயிலில் இருக்கும் இந்த வட்டாரத்துக்குப் பூவே பெயர் கொடுத்திருக்கிறது. இங்குள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கும் பூக்கடை என்றே பெயர். 1996 ஆம் வருஷத்தில் கோயம்பேட்டில் பெருஞ்சந்தை எழுந்த பின்னும், பத்ரியன் தெருவில் பூ வியாபாரம் அற்றுப்போகவில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கங்களிலிருந்து சாமந்தி, நிலக்கோட்டையிலிருந்தும் மதுரையிலிருந்தும் மல்லிகை, சத்தியமங்கலத்திலிருந்து சம்பங்கி, இவற்றோடு கோழிக்கொண்டை, வாடாமல்லி, அரளி, மரிக்கொழுந்து. மூட்டை அவிழ்ந்ததும் எழும் வாசனையில் பக்கத்துச் சாக்கடையும் ஒரு கணம் மறந்துபோகிறது.

சுதேசியம் பேசுகிற நம்மவர்களுக்கு இங்கே ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். லாரியின் முகப்பையும் லேத்தின் தலையையும் அன்று அலங்கரித்த துலுக்கச் சாமந்தி, அமெரிக்கக் கண்டத்து மெக்ஸிகோவிலிருந்து வந்த பூ. நிலச்சம்பங்கியின் பூர்வீகமும் அதுவே. வாடாமல்லியும் அக்கண்டத்தைச் சேர்ந்ததே. சாமந்தியோ சீனத்துச் செடி. ஜப்பானில் அது அரச சின்னமாயிற்று. கொலம்பஸ் கடல் கடப்பதற்கு முன்பு நம் பாட்டன்மார்கள் எந்தப் பூவைக் கொண்டு ஆயுதங்களைப் பூஜித்தார்களோ, இப்போது நாம் பரம்பரை வழக்கம் என்று சாற்றும் பூக்களில் பாதி அவர்கள் கண்ணால் கண்டவை அல்ல. இதனால் குறைவொன்றுமில்லை. தர்மபுரிக் குடியானவன் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த பூ எந்தக் கண்டத்திலிருந்து வந்திருந்தாலும் சுதேசிப் பூவே. பன்னாட்டு ஆலையிலிருந்து வந்து சில கடைகளில் தொங்கிய பிளாஸ்டிக் சாமந்திச் சரமே அன்று நாம் கண்ட ஒரே விதேசி வஸ்து.

மெக்ஸிகோ தேசத்தாரும் இதே பூவை இதே பருவத்தில்தான் கொண்டாடுகிறார்கள். நவம்பர் முதல் இரண்டு தினங்களில், இறந்துபோன உறவினரை நினைத்து, வீட்டு வாயிலிலிருந்து பூஜை மேடை வரையிலும் கல்லறைகளின் மீதும் துலுக்கச் சாமந்தியைப் பரப்புகிறார்கள். அதன் நிறத்தையும் மணத்தையும் வழியாகக் கொண்டு மாண்டவர்கள் ஒரு நாள் வீடு திரும்புவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அங்கே மாண்ட மனிதனுக்குப் போகும் பூ இங்கே யந்திரத்துக்குப் போகிறது.

பூக்கடையில் ஒரு முதியவள், கண்ணால் பார்க்காமலே விரல்களால் சரம் தொடுத்துக்கொண்டிருந்தாள். நாரும் பூவும் அவள் கையில் ஓடிய வேகத்துக்கு எந்தத் தறியும் ஈடாகாது. "பாட்டி, உங்கள் ஆயுதத்துக்குப் பூஜை உண்டா?" என்று கேட்டோம். "என் ஆயுதம் இந்தப் பத்து விரலுதான் ஐயா. இதுக்கு யாரு பொட்டு வைப்பாங்க?" என்று சிரித்தாள். பிறகு, "இன்னிக்கு ஒரு நாளுதான் பூவுக்கு மரியாதை. மழை வந்தா அதுவும் இல்லை. மிஞ்சின பூவை யாரும் திருப்பி வாங்கிக்க மாட்டாங்க" என்றாள். புரட்டாசி மேகம் மேலே கறுத்திருந்தது. விலை ஏறினால் லாபம் இடையில் நிற்பவர்களுக்கும், மழை பெய்தால் நஷ்டம் முழுவதும் அவளுக்கும் என்பது பூ வியாபாரத்தின் எழுதாத சட்டம்.

அங்கிருந்து வியாசர்பாடியை அடுத்த எம்.கே.பி. நகருக்குச் சென்றோம். மகாகவி பாரதி நகர் என்ற அழகான பெயரை மூன்று இங்கிலீஷ் எழுத்துக்களாகச் சுருக்கிவிட்டது நமது சோம்பல். அங்கே பிறந்து வளர்ந்த பையன்களுள் ஒருவனை, அந்த எழுத்துக்களுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டோம். "பஸ் ஸ்டாண்டு சார்" என்றான்! சிரிக்கவும் முடியவில்லை, கோபிக்கவும் முடியவில்லை. சரஸ்வதியைப் பற்றிப் பாடிய பாரதியார், ஏடுகளை அடுக்கி அவற்றின்மேல் சந்தனமும் மலரும் இடுவது அத்தேவியின் மெய்யான பூஜை ஆகாது என்றும், வீடுதோறும் கலையும் ஊர்தோறும் பள்ளியும் விளங்கச் செய்வதே பூஜை என்றும் வற்புறுத்தினார் என்பதை நேயர்கள் அறிவார்கள். ஏட்டுக்குச் சொன்னது இரும்புக்கும் பொருந்தும் அன்றோ?

ஆயினும் அந்நகரத்துத் தெருக்களின் கோலாகலம் மனத்தைக் கவரத்தக்கது. ஆட்டோ ரிக்‌ஷாக்கள் வரிசையாக நின்றன. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நெற்றியில் சந்தனம், சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம். பட்டறைகளில் ஸ்பானர், சுத்தியல், துளைக்கும் யந்திரம் எல்லாம் எண்ணெய் துடைக்கப்பட்டு வாழையிலையில் அணிவகுத்திருந்தன. சைக்கிள் கடைக்காரரின் காற்றடிக்கும் பம்புக்கும், இஸ்திரி வண்டிக்காரரின் பெட்டிக்கும், தையற்காரரின் கத்தரிக்கோலுக்கும் ஆளுக்கொரு முழம் சாமந்தி. பொரி, கடலை, அவல், வெல்லம். ஒரு வெல்டிங் பட்டறையில் முதலாளி இந்து, மேஸ்திரி முஸ்லிம், எடுபிடிப் பையன் கிறிஸ்தவன். மூவரும் ஒரே தட்டிலிருந்து பொரி எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மத ஒற்றுமையைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது இத்தெருக்களுக்கு வரலாம். பூசணிக்காயை நடுத்தெருவில் உடைக்கும் வழக்கம் ஒன்றுதான் நமக்கு உடன்பாடில்லை; திருஷ்டி கழிந்ததோ இல்லையோ, அதில் வழுக்கி விழுந்தவர்கள் பலர்.

சொந்தப் பட்டறைக்காரர் தம் கருவியைத் தாமே துடைத்துத் தாமே பூச்சூட்டுகிறார். அங்கே பூஜைக்கு அர்த்தம் இருக்கிறது. கருவியின் குணமும் கோளாறும் அவருக்குத் தெரியும். ஒரு நாள் ஓய்வும் சுத்தமும் அதற்குக் கிடைக்கின்றன. காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்திலும் இதே பக்தியைக் கண்டோம். விசைப்படகின் யந்திரத்துக்கு மாலையிட்ட மீனவர் ஒருவர், மாலையிடுவதற்கு முன் எண்ணெய்க் குழாயையும் கயிற்றையும் ஒன்றுக்கு இரண்டு முறை தொட்டுப் பார்த்ததை நாம் கவனித்தோம். "நடுக்கடல்ல நின்னுபோச்சுன்னா சாமியா வந்து தள்ளும்?" என்றார் அவர். ஆயுத பூஜையின் தத்துவத்தை இவ்வளவு சுருக்கமாக எந்தச் சாஸ்திரியும் நமக்குச் சொன்னதில்லை.

ராயபுரம் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். 1856 ஆம் வருஷத்தில் திறக்கப்பட்ட இக்கட்டடம், இந்தியாவில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழமையானது. தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் ஆற்காட்டுப் பக்கம் புறப்பட்டது. எண்ணூர்ப் பாதையில் வ.உ.சி. நகர் என்று ஒரு ஸ்டேஷன் வருகிறது. ஸ்ரீமான் சிதம்பரம் பிள்ளை கப்பல் ஓட்டியதை எல்லாரும் சொல்லுகிறார்கள். 1908 ஆம் வருஷத்தில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்தி, கூலி உயர்வு பெற்றுத் தந்ததை அவ்வளவு பேர் சொல்லுவதில்லை. வக்கீல் தொழிலைச் செய்துவந்தவர் அவர். தொழிலாளியின் வழக்கைக் கோர்ட்டுக்கு வெளியேதான் அவர் வாதிக்க நேர்ந்தது.

வட சென்னையின் பூர்வ சரித்திரமே இத்தகைய வழக்குகளால் ஆனது. பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஆம் வருஷம் ஏப்ரல் 27 ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைக்கப்பட்டது. ஸ்ரீ பி. பி. வாடியா தலைவர், திரு. வி. கலியாணசுந்தர முதலியார் முதலானோர் துணை நின்றார்கள். ஆலைக் கம்பெனியார் வாடியா மீது ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்து, தொழிலாளரை வேலைக்குச் செல்லாமல் தடுத்தார் என்று தடையுத்தரவு பெற்றார்கள். சங்கம் வைப்பதே சதி என்று அக்காலத்துச் சட்டம் கருதியது. அந்தத் தீர்ப்பு கிளப்பிய ஆத்திரமே, 1926 ஆம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம் பிறப்பதற்கு முக்கிய காரணமாயிற்று. இன்று எந்த ஆலை வாயிலிலாவது சங்கக் கொடி பறக்கிறதென்றால், அது பெரம்பூர் நெசவாளி பட்ட பாட்டின் பயன் என்க. அந்த ஆலைகள் 1996 ஆம் வருஷத்தில் மூடப்பட்டுவிட்டன. அங்கே பூஜிக்க இப்போது யந்திரம் இல்லை. 1923 ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதி இந்தியாவிலேயே முதன்முதலாகத் தொழிலாளர் தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய ம. சிங்காரவேலரும் மீனவர் குலத்தில் பிறந்த வக்கீலே.

இது நிற்க. திருவொற்றியூருக்கு அப்பால் ஒரு பெரிய தொழிற்சாலையின் பூஜைக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம், அழைத்தவர்கள் நண்பர்கள். வாயிலில் மாவிலைத் தோரணம். உள்ளே ஆள் உயர யந்திரங்களுக்கெல்லாம் தோள் கனக்கும் மாலைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் குங்குமம். மானேஜர் பட்டு வேஷ்டியுடன் கற்பூரம் காட்டினார். நிரந்தரத் தொழிலாளர்களுக்கு இனிப்புப் பெட்டியும் பொரிப் பையும் வழங்கப்பட்டன. பின்புறத்தில், புதிதாக எழும் கொட்டகை ஒன்றின் பக்கம், காண்டிராக்டரின் ஆட்கள் பதினைந்து இருபது பேர் நின்றிருந்தார்கள். பேச்சு இந்தியும் ஒடியாவுமாக இருந்தது. அவர்களுக்கு விடுமுறை உண்டு, கூலி இல்லை. பொரிப் பைகள் அவர்கள் வரையில் வந்து சேரவில்லை. அவர்கள் ஏறி வேலை செய்யும் சாரம் அவர்களுக்குப் பின்னே நின்றது. அதன்மீது ஒரு பூவும் இல்லை.

திரும்பி வரும்போது நமக்குப் புலனாயிற்று. காலையிலிருந்து நூற்றுக்கணக்கான கருவிகளைப் பூவோடு கண்டோம். சாரத்துக்கு மாலையிட்டவர் ஒருவரையும் காணோம். ஏணிக்கும், உயரத்தில் இடுப்பைப் பிணைக்கும் கயிற்றுக்கும், தலைக் கவசத்துக்கும் யாரும் சந்தனம் தெளிக்கவில்லை. காரணம் வெளிப்படை. லேத்து கம்பெனியின் சொத்து. கணக்குப் புஸ்தகத்தில் ஏறியிருக்கிறது. சாரமோ காண்டிராக்டருடையது; இன்று கட்டி நாளை அவிழ்ப்பது. அதில் ஏறுகிற மனிதனும் அவ்விதமே: மஸ்டரில் ஒரு பெயர், அதுவும் சில சமயம் தவறாக எழுதப்பட்ட பெயர். சொத்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கே நாம் மாலையிடுகிறோம் என்றால், அதற்கு ஆயுத பூஜை என்ற பெயர் தகுமா?

எண்ணூர் முகத்துவாரத்தை அடையும்போது மாலை ஐந்து மணி. வழியில், 1948 ஆம் வருஷத்தில் நேருவின் தூண்டுதலினால் ரகுநந்தன் சரண் ஸ்தாபித்த அசோக் மோட்டார்ஸின் வழித்தோன்றலான தொழிற்சாலையைக் கண்டோம். சுதந்திர தேசம் தன் மோட்டாரைத் தானே செய்ய வேண்டும் என்ற ஆவலில் எழுந்த ஊர் இது. பிறகு மின்சாரம் வேண்டியிருந்தது. நிலக்கரி வந்தது, சாம்பல் வந்தது, துறைமுகம் வந்தது. 2023 ஆம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் இக்கழிமுகத்தில் கலந்து, மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போயின. அந்தப் படகுகளுள் சிலவற்றுக்கும் அன்று மாலை சூட்டியிருந்தார்கள். அக்கரையில் புகைபோக்கிகள் தெரிந்தன. அவற்றுக்கப்பால் எங்கோ, ஒன்பது பேர் விழுந்த இடம்.

சட்டம் இல்லாத குறை என்று சொல்லுவதற்கில்லை. வெளி மாகாணத் தொழிலாளருக்காக 1979 ஆம் வருஷத்துச் சட்டம் அன்று அமலில் இருந்தது. பதிவும் பயணப் படியும் இடப்பெயர்ச்சிப் படியும் அதில் கண்டிருந்தன. கட்டடத் தொழிலாளருக்காக 1996 ஆம் வருஷத்துச் சட்டம் இருந்தது. பொறுப்புள்ளவர் பரிசோதிக்காத சாரத்தில் ஆளை ஏற்றக்கூடாது என்பது அதன் கீழ் வந்த விதிகளின் கருத்து. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலத்துக்காக வசூலிக்கவும் வழி செய்யப்பட்டிருந்தது. இவ்விபத்து நடந்து இரண்டு மாதம் ஆகுமுன், 2025 நவம்பர் 21 ஆம் தேதி முதல், இவற்றையெல்லாம் உள்ளடக்கி நான்கு தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. அவற்றின் குணதோஷங்களை வேறு சமயம் ஆராய்வோம். பழைய சட்டமாயினும் புதிய சட்டமாயினும், பரிசோதகர் நேரில் வந்து சாரத்தை ஆட்டிப் பார்த்தாலன்றி அது காகிதமே.

நாம் ஒரு யோசனை சொல்லுகிறோம். தொழிற்சங்கங்களும் கட்டுமான முதலாளிகளும் இதை ஆலோசிப்பார்களாக. மகாநவமிக்கு முந்திய நாளை, எல்லா வேலைத் தலங்களிலும் பரிசோதனை நாளாக வைத்துக்கொள்ள வேண்டும். இன்ஜினீயரும், காண்டிராக்டரும், சாரத்தில் ஏறுகிற தொழிலாளர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த ஒருவரும் சேர்ந்து, கயிறு, கொக்கி, ஏணி, சாரம், பளுத்தூக்கி ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். அத்தொழிலாளி அறிந்த பாஷையிலேயே குறிப்பு எழுதப்பட வேண்டும். மூவரும் கையொப்பமிட்ட கருவிக்கு மட்டுமே மறுநாள் மாலை. கையொப்பம் பெறாதது, எத்தனை லட்சம் பெறுமானமாயினும், பூவின்றி நிற்கட்டும்; எல்லாரும் பார்க்கட்டும். காண்டிராக்ட் ஆட்களுக்கும் அன்று கூலியோடு விடுமுறை. தலத்தில் வேலை செய்கிற எல்லாருடைய பெயரும் ஊரும், காண்டிராக்ட் ஆட்களையும் சேர்த்து, வாயிலில் எழுதி மாட்டப்பட வேண்டும். சாஸ்திரத்துக்கு இதில் விரோதம் ஒன்றுமில்லை; காசிமேட்டு மீனவர் செய்ததையே பெரிய முதலாளியும் செய்யச் சொல்லுகிறோம்.

இதற்குச் செலவு என்ன ஆகும் என்று சிலர் கேட்பார்கள். ஒரு பெரிய யந்திரத்துக்குச் சாற்றும் மாலையின் விலையில், இருபது ஆட்கள் ஏறும் சாரத்துக்கு முழம் பூ வாங்கிவிடலாம். பரிசோதனைக்குப் பிடிக்கும் நேரம் அரை நாள். சங்கங்களின் காரியதரிசிகள் இதைப் பற்றி நமக்கு எழுதினால், அக்கடிதங்களை இதே பக்கத்தில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.